அந்தப் பையன் விளையாடினதும் அதே கேம்தான்

நேத்து ராத்திரி நம்ம பழைய கேம் குரூப்ல நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. தலவாக்கலைப் பையன் லெப்டொப்ல பிரின்ஸ் ஒஃப் பெர்சியாங்கிற பழைய கேம் ஓடுற படம் ஒண்ணு போட்டான். மூணாவது லெவல், எலும்புக்கூடு எழும்பி நிக்குது. அவ்வளவுதான். அதுக்குக் கீழ நம்ம குரூப் அண்ணன் ஒருத்தர் வந்து, "எமுலேட்டர்ல விளையாடுறதெல்லாம் விளையாட்டா தம்பி? அசல் மெஷின் வாங்கிட்டு வா, அப்புறம் பேசலாம்"னு எழுதினாரு. நாப்பது பேர் சிரிச்சாங்க. காலையில பார்த்தா படத்தைக் காணோம்.

முதல்ல இதைச் சொல்லிடுறேன். எமுலேட்டர்னா பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற புரோகிராம்; டொஸ்பொக்ஸ் அதுல ஒண்ணு. அதுல ஓடுறது, அந்தக் காலத்து பீசி ஒபரேட்டிங் சிஸ்டமான டொஸ்சுக்கு 1990ல வந்த அதே கேம். அதுல ஒரு பைட் மாறல. அந்தப் பையன் விளையாடினதும் அதே கேம்தான்.

படத்துல பிழையே இல்லன்னு சொல்ல வரல. ஸ்கிரீன் முழுக்க இழுபட்டு, இளவரசன் தட்டின ரொட்டி மாதிரி அகலமா நின்னான். அந்தக் காலத்து கேம் 320க்கு 200 புள்ளி, பார்த்த மொனிட்டரோ 4:3, அதாவது அகலம் 4க்கு உயரம் 3. அதனால ஒவ்வொரு புள்ளியும் அகலத்தை விட உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூட. 1366க்கு 768 லெப்டொப்ல சரியான படம் 1024க்கு 768தான்; ரெண்டு பக்கமும் 171 புள்ளி கறுப்பா விடணும். டொஸ்பொக்ஸோட செட்டிங் இருக்கிற கொன்ஃபிக் ஃபைலைத் திறந்து அவுட்புட்டுக்கு 'ஓபன்ஜிஎல்', ஃபுல்ரெசல்யூஷனுக்கு 'டெஸ்க்டொப்', அஸ்பெக்டுக்கு 'ட்ரூ' போட்டா முடிஞ்சுது. வேகத்துக்கு சைக்கிள்ஸை 3000ல வச்சுட்டு, கன்ட்ரோலோட எஃப்12 அழுத்தினா கூடும், எஃப்11 அழுத்தினா குறையும். சில லெப்டொப்ல எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்கணும். நாப்பது பேர்ல ஒருத்தருக்காவது இதை எழுத மனசு வரல. சிரிக்கிற பொம்மையைத் தட்டுறது லேசு இல்லையா.

சரி, அண்ணனோட 'அசல்' மெஷினுக்கு வருவோம். அவரே போன மாசம் போட்ட படம்தான். பென்டியம் 3 புரொசசர் போட்ட மெஷின், முன்னால தட்டை எல்சிடி மொனிட்டர். பிரின்ஸ் வந்தப்ப பென்டியம் 3 பிறக்கவே இல்லண்ணே, அது 1999. அதே மெஷின்ல 1990ல வந்த விங் கொமாண்டர்ங்கிற விண்வெளிச் சண்டை கேமைப் போட்டுப் பாருங்க. வேகக் கட்டுப்பாடு இல்லாத கேம், கொம்பியூட்டர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்துல கப்பல் பறக்கும். பயோஸுக்குள்ள (மெஷினோட அடிப்படை செட்டிங்) போய் கேஷை (புரொசசரை வேகமாக்குற மெமரி) நிப்பாட்டினாத்தான் கொஞ்சமாவது அடங்கும். டூம் கேமோட திரை செக்கனுக்கு 70 தடவை (70 ஹேர்ட்ஸ்) புதுசாகும். அந்த மாதிரி எல்சிடி பெரும்பாலும் அதை 60க்கு இறக்கிடும். 320க்கு 200ஐ 720க்கு 400 எழுத்துத் திரைன்னு நினைச்சு மங்கலாக்குற மொனிட்டரும் உண்டு. கேமோட வேகத்தை டொஸ்பொக்ஸ்ல ஒரு கீயில சரிபண்ணுறவன் போலி, நீங்க அசல். நல்லா இருக்கு நியாயம்.

அசல் மெஷினை நம்ம இலங்கை மலைநாட்டுல வச்சிருக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? போன வாரம் என் மேசைக்கு ஒரு 486 (பென்டியத்துக்கு முந்தின புரொசசர்) மதர்போர்ட் வந்துச்சு. கீபோர்ட் சொக்கட் பக்கத்துல பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் கெட்மியம் பெட்டரி, 3.6 வோல்ட். அது ஒழுகி, மூலை முழுக்கப் பச்சையும் நீலமுமாப் பூத்திருந்துச்சு. ஒழுகுறது காரம். பெட்டரியை வெட்டி எடுத்துட்டு, வெள்ளை வினாகிரியைப் பல்துலக்குற பிரஷ்ல தொட்டுத் தேய்க்கணும், நல்ல தண்ணியில கழுவணும், ஐசோபுரோபைல் அல்ககோல் போட்டுக் காயவிடணும். அப்புறம் மீற்றரை வச்சு போர்ட்டுல ஓடுற ஒவ்வொரு செம்புக் கோடாப் பார்த்து, அறுந்த இடத்துக்கு மெல்லிய வயர் பத்தவைக்கணும். அந்த இடத்துல சிஆர்2032 பட்டன் பெட்டரி போடுறவங்க, கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோடும் ஒண்ணு சேர்த்துப் போடணும், இல்லாட்டி போர்ட் அதை சார்ஜ் பண்ணப் பார்க்கும். இத்தனையும் செஞ்சும் கீபோர்ட் வேலை செய்யாமப் போகலாம்.

இது பெட்டரிக் கதை மட்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்துல இருக்கு. மாசக்கணக்குல மிஸ்ட்டும் ஈரமும். ஃபிளொப்பியில பூஞ்சணம் பிடிச்சா அது டிரைவோட ஹெட்டுல ஒட்டி, அடுத்து போடுற நல்ல ஃபிளொப்பியையும் கீறும். ரெம் மெமரி அட்டையோட உலோகக் கால் கறுக்கும்; அழிறப்பரால தேய்க்கணும். ஈரமும் தூசியும் சேர்ந்தா பழைய மொனிட்டருக்குள்ள 'உஸ்ஸ்'னு சத்தம் வரும், அதைத் திறக்கிறதுக்குக் கையும் தெரியணும், பயமும் இருக்கணும். பின்னேரத்து இடிமின்னலுக்கு ஓடி ஓடி பிளக் கழட்டுறது வேற.

"அப்ப சிஆர்டியும் (பழைய குழாய் மொனிட்டர்) எல்சிடியும் ஒண்ணா?"ன்னு கேப்பீங்க. இல்ல. ஒத்துக்கிறேன். நல்ல சிஆர்டியில கீயைத் தட்டின கையோட ஆள் குதிக்கும், அந்தப் படத்தோட மென்மை வேற. சவுண்ட் பிளாஸ்டர் 16 சவுண்ட் கார்டுல இருக்கிற எஃப்எம் இசை சிப் பாடுற பாட்டுக்கு நானும் அடிமைதான். ஓடுற மெஷினைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லவும் இல்ல. வச்சிருக்கிறவங்க கண்ணு மாதிரிப் பார்த்துக்குங்க. "எமுலேட்டர் லேசு, அதுல என்ன பெருமை"ன்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. விளையாட உக்கார்றவன் எதுக்குக் கஷ்டப்படணும்?

உண்மையில எனக்கு எரியுறது வேற இடத்துல. 1990ல தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கிற எத்தனை லயக் காம்பராவுல கொம்பியூட்டர் இருந்துச்சு? கரண்ட்டாவது ஒழுங்கா இருந்துச்சா? நம்மள்ல பாதிப் பேர் தோட்டத்து ஒபிஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னு திரையைப் பார்த்தவங்கதான். கிளார்க் ஐயா ஏசினா ஓடுவோம். அண்ணனுக்கும் அது தெரியும். இப்ப கையில ஒரு மெஷின் வந்ததும், உள்ள உக்காந்துக்கிட்டு இன்னொரு பையனை அதே ஜன்னல்கிட்ட இருந்து விரட்டுறாரு. அசல்னு பேர் வச்சு. இதைத்தான் தாங்க முடியல.

பழைய கேமைத் தொடுற இளசுங்களே இங்க நாலு பேர்தான். அதுல ஒருத்தனை நேத்து விரட்டியாச்சு. சந்தோஷமா?

தம்பி, நீ இதை வாசிச்சா படத்தைத் திரும்பப் போடு. கொன்ஃபிக் ஃபைலை இன்பொக்ஸ்ல அனுப்புறேன். அப்புறம் அந்த எலும்புக்கூட்டை வாளால சாகடிக்க ஏலாது, வீணா மல்லுக்கட்டாத. அடிச்சு அடிச்சு விளிம்பு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போ, கீழ விழும்.