கழிக்கச் சொன்னது யார்?

ஃபைல் பட்டியலில் 'அளவு' என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்பட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்காக நேற்று ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 3 ஜிபி வீடியோ ஒன்று, ஒன்றுமே இல்லாத காலி ஃபைலுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஏறுவரிசையாம்!

புரோகிராம் கோடைத் திறந்தால் நான் பயந்தது அப்படியே இருக்கிறது. ஒரு அளவிலிருந்து இன்னொன்றைக் கழித்து, விடையை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார் இதை எழுதிய அண்ணன். அளவு லாங், அதாவது 64 பிட் முழு எண். இரண்டில் எது பெரியது என்று சொல்லும் கம்பேரேட்டர் திருப்பித் தர வேண்டியது இன்ட், 32 பிட் முழு எண்: மைனஸ் என்றால் முதலாவது சின்னது, பூஜ்யம் என்றால் சமம், பிளஸ் என்றால் முதலாவது பெரியது. அதில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. நாம் எழுதியதை மொழிமாற்றித் தரும் ஜாவா கம்பைலர் பாவம், எண் சிதையும் என்று பிழை காட்டித் தடுத்திருக்கும். இவர் அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று போட்டு அதன் வாயை அடைத்துவிட்டார்.

மரக்கால் அரிசியை ஆழாக்கில் கொட்டினால் சிந்துவதாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே மேல் 32 பிட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். 3 ஜிபியிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் 3221225472. இன்ட்டுக்குள் நுழைந்ததும் அது மைனஸ் 1073741824. ஆக, வீடியோ காலி ஃபைலைவிடச் சின்னது! 5 ஜிபியும் 1 ஜிபியும் வந்தால் வித்தியாசம் சரியாக 4 ஜிபி, விடை பூஜ்யம், இரண்டும் சமமாம். வித்தியாசம் சரியாக 2 ஜிபி என்றால் இன்னும் கூத்து: மைனஸ் 2147483648. இறங்குவரிசைக்காக அதை மைனஸால் பெருக்கினாலும் அதே எண்தான் திரும்பி வரும், பிளஸ் பக்கம் அதற்கு இடமே கிடையாது.

காலி ஃபைலைவிட 1.5 ஜிபி ஃபைல் பெரியது, அதைவிட 3 ஜிபி ஃபைல் பெரியது, அதைவிடக் காலி ஃபைல் பெரியது. இந்த வட்டத்தைக் கொடுத்து வரிசைப்படுத்து என்றால் அது என்னதான் செய்யும்? ஜாவா 7-லிருந்து, ஒப்பீடு முன்னுக்குப் பின் முரண் என்று சில சமயம் அதுவே கண்டுபிடித்துப் பிழை வீசும். அதுவும் லாக் என்ற பதிவு ஃபைலில் கிடக்கும். திரையில் ஒரு வார்த்தை வராது. 32 வரிக்குக் குறைவான பட்டியல் என்றால் அந்தச் சோதனையே நடக்காது. இவர் சோதித்த ஃபோல்டரில் பத்துப் பதினைந்து வேர்டு ஃபைல். "என் மெஷினில் சரியாகத்தான் வருது."

(இதற்கு முந்தைய வெர்ஷன் இன்னும் அழகு. பட்டியலுக்குத் தரவு கொடுக்கும் டேபிள் மாடல், இது எண் என்று வகையைச் சொல்லாததால் எண்களை எழுத்தாக எடுத்துக்கொண்டு 9-க்கு முன்னால் 10-ஐ வைத்தது.)

இரண்டு பேரில் யார் உயரம் என்று கேட்டால் முதுகோடு முதுகு நிற்கவைத்துப் பார்த்தால் போதாதா? எத்தனை அங்குலம் என்று யாராவது கேட்டார்களா? லாங் வகுப்பிலேயே கம்பேர் என்று ஒன்று 2011-லிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. கழிப்பதற்கு ஆகும் அதே ஒரு வரிதான்.

பெரிய எண் எங்கே வரப்போகிறது என்ற தைரியம் புதிதில்லை. பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் ஜாவாவின் சொந்த பைனரி சர்ச்சிலேயே, நடுவைக் கண்டுபிடிக்கும் கூட்டலில் இப்படி எண் கொள்ளாமல் வழியும் பிழை ஒன்று சுமார் ஒன்பது வருஷம் ஒளிந்திருந்தது என்று, அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-ல் எழுதினார். அவர் ஒப்புக்கொண்டார். நம்ம ரிவ்யூவில் இதற்குக் கிடைத்த கமென்ட்: "சுருக்கமா இருக்கு, சூப்பர்."

சரி, மாற்றிவிட்டு மூடப்போனேன். நாலு வரி கீழே 'தேதி' தலைப்பு. அங்கேயும் கழித்தல், மில்லிசெகண்டில். இரண்டு ஃபைலுக்கு நடுவே 25 நாள் இடைவெளி இருந்தாலே போச்சு. போன வருஷத்து ஃபைல் எங்கே நிற்கிறது என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை, லேப்டாப்பை மூடிவிட்டேன்.