சுவர் விழுந்தபோது அந்தப் பாட்டு வெளியாகவே இல்லை

‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ பாட்டைப் பாடிக்கொண்டேதான் மக்கள் பெர்லின் சுவரை உடைத்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேதிகளைப் பார்த்தால் இது நடந்திருக்கவே முடியாது. சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. ஸ்கார்பியன்ஸ் என்ற ஜெர்மன் ராக் குழுவின் இந்தப் பாட்டு ‘கிரேஸி வேர்ல்ட்’ ஆல்பத்தில் வந்தது 1990 நவம்பரில். அதற்குள் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகிவிட்டன. தனிப்பாடலாக வெளிவந்தது 1991இல்தான்.

அப்புறம், பாட்டு பிறந்த கதையும் பெர்லினில் இல்லை. 1989 ஆகஸ்டில் மாஸ்கோவின் லெனின் ஸ்டேடியத்தில் ஸ்கார்பியன்ஸுடன் பான் ஜோவி, ஆஸி ஆஸ்போர்ன் போன்ற ராக் இசைக்காரர்கள் எல்லாம் கலந்துகொண்ட பெரிய ராக் விழா நடந்தது. காவலுக்கு நின்ற சோவியத் வீரர்களே மேடைப் பக்கம் திரும்பி இசையில் கலந்துகொண்டார்கள் என்று ஸ்கார்பியன்ஸ் பாடகர் கிளவுஸ் மைனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அனுபவத்திலிருந்துதான் அவர் பாட்டை எழுதினார். வரிகளில் வருவது மாஸ்கோவின் மாஸ்க்வா ஆறும் கார்க்கி பூங்காவும். சுவரைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

1999இல், சுவர் திறந்த பத்தாம் ஆண்டு நிறைவன்று, பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் முன்னால் இதைப் பாடினார்கள். குழப்பத்துக்கு அந்தக் காட்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுவரை வீழ்த்தியது கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் திங்கட்கிழமைதோறும் தெருவுக்கு வந்து போராடிய மக்கள். அந்தப் பெருமையைத் தயவுசெய்து ஒரு பாட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பாட்டுதான், ஆனாலும் சொல்கிறேன். உக்ரைன் போருக்குப் பிறகு, 2022இல், மாஸ்கோவைப் பற்றிய தொடக்க வரிகளைக் குழுவே மாற்றிப் பாடத் தொடங்கியது.