கமுதியில் மேகம் சூழ்ந்தால் மதுரையில் விளக்கு அணையுமா?

இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள கமுதி சூரிய மின்நிலையத்தின் மேல் மேகம் கவிந்தவுடன் ஒரு மென்பொருள் தானாகவே மதுரை வீடுகளின் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது என்னும் வாட்ஸ்அப் செய்தி உண்மையல்ல.

2016-இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தின் 648 மெகாவாட் திறன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் மின்சாரம் மதுரைக்கென்று தனிக் கம்பியில் வருவதில்லை, பல நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் தென்னிந்திய உயரழுத்த மின்தொகுப்பில் (கிரிட்) கலந்துவிடுகிறது. அத்தொகுப்போ 2013 டிசம்பர் 31 முதல் நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்னும் அளவு) இணைந்து இயங்குகிறது. ஆகவே ஓரிடத்தின் குறைவை அனல், நீர், காற்றாலை என எங்கிருந்தும் ஈடுசெய்ய முடிகிறது. மென்பொருளின் வேலை இங்குதான் தொடங்குகிறது: வானிலையைக் கொண்டு உற்பத்தியை முன்கணித்து, ஒரு நாளைப் 15 நிமிடம் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்து, எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று திட்டமிட உதவுவதே அது. முடிவெடுப்பவர்கள், மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்செய்யும் மின்சுமை அனுப்பீட்டு மையங்களின் பொறியாளர்களே.

செய்தியில் அரை உண்மை ஒன்று உண்டு, அதனால்தான் பலர் நம்பியிருக்க வேண்டும். தேவைக்கு உற்பத்தி எட்டாமல், 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய அதிர்வெண் 49.4 வரை சரிந்தால், துணைமின் நிலையங்களிலுள்ள ரிலேக்கள் (தானியங்கிப் பாதுகாப்புக் கருவிகள்) சில ஃபீடர்களை, அதாவது பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடங்களை, தாமாகவே துண்டிக்கும். அது தொகுப்பு முழுவதும் இருளாமல் காக்கும் கடைசிக் கட்டத் தற்காப்பு. மேகத்திற்கான வழக்கமான மறுமொழி அன்று.

தெருவில் மின்சாரம் போனால், பெரும்பாலும் பராமரிப்புப் பணியோ, மின்மாற்றியில் ஃபியூஸ் போனதோ, கம்பிமேல் விழுந்த மரக்கிளையோதான் காரணம்.