தாடைக்கு எதற்கய்யா முகக்கவசம்?

ஏற்காடு பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் ஒருவர். 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு இருமல், எல்லாம் என் பிடரியில். முகக்கவசம் போடாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். போட்டிருக்கிறார், தாடையில்! திரும்பிப் பார்த்தால், "ஒண்ணுமில்லைங்க, சும்மா தொண்டை கரகரப்பு" என்று ஆறுதல் வேறு. கிருமிக்கும் அதைச் சொல்லிவிட்டீர்களா?

நம் ஊர் எதையுமே கற்றுக்கொள்ளாதா? 2020 ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலத்தில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மொத்தம் மூன்றே நாள். கூட்டம் சேரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஊரடங்கே. நாம் என்ன செய்தோம்? முந்தின நாளே மொத்தமாகக் கடைக்குப் போய், தோளோடு தோள் உரசி நின்று, மூன்று மாதத்துக்கு வெங்காயம் வாங்கினோம். (நானும்தான் போனேன், சரி விடுங்கள்.)

இப்போதும் எங்கோ புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா டாக்டராகிவிடுவார். மிளகு, பூண்டு, கபசுரக் குடிநீர், அப்புறம் மெடிக்கலில் சீட்டே இல்லாமல் வாங்கிய ஆன்டிபயாடிக். வைரஸுக்கு அது வேலை செய்யாது பெரியப்பா என்றால், "நீ நேத்துப் பொறந்தவன்." சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவச் சொன்னால் மட்டும் தண்ணீர் வீணாகிறதாம்!

அந்த இருமல்காரர் இறங்கும்போது முகக்கவசத்தைக் கழற்றி அழகாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அழுக்காகிவிடுமாம்.