தம்மசாத்: மன்னிப்பு யாருக்குக் கிடைத்தது?

பாங்காக் போகும் நம்மவர்கள் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதையொட்டி இருக்கும் பெரிய மைதானம் சனாம் லுவாங். மைதானத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே இருப்பது தம்மசாத் பல்கலைக்கழகம். 1976 அக்டோபர் 6 காலையில் அந்த மைதானத்து மரங்களில் மனிதர்களைத் தொங்கவிட்டு, செத்த உடலையும் விடாமல் அடித்தார்கள். கம்யூனிஸ்ட் மாணவர்கள், நாட்டுக்கு ஆபத்தானவர்கள் என்று காரணம் சொன்னார்கள். இதை இன்றைக்கும் "இரு தரப்பு மோதல்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு பக்கம் போலீஸ், கனரக ஆயுதங்கள், வலதுசாரிக் கும்பல்கள். இன்னொரு பக்கம் இரவெல்லாம் வளாகத்துக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். இதில் மோதல் எங்கே இருக்கிறது?

1973 அக்டோபரில் இதே மாணவர்கள்தான் தெருவில் இறங்கி ராணுவ ஆட்சியாளர் தானோம் கிட்டிகாச்சோனை நாட்டை விட்டு ஓட வைத்தார்கள். அடுத்த மூன்று வருடம் தாய்லாந்து கொஞ்சம் மூச்சு விட்டது. விவசாயிகள் சங்கம் கட்டினார்கள், தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1975-ல் சைகோன், புனோம்பென், லாவோஸ் என்று வரிசையாகக் கம்யூனிஸ்டுகள் கையில் விழ, பாங்காக்கின் மேல்தட்டுக்குக் குலை நடுங்கியது. அந்தப் பயத்தை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. ராணுவ வானொலி நாள் முழுக்க மாணவர்களைத் தேசத் துரோகிகள் என்றது. சிவப்புக் காட்டெருமைகள், கிராமச் சாரணர்கள் என்ற பெயர்களில் ஆட்களைத் திரட்டினார்கள். கிட்டிவுத்தோ என்ற பௌத்த பிக்கு, கம்யூனிஸ்டுகளைக் கொல்வது பெரிய பாவமில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். மீனைக் கொன்று சமைத்துப் பிக்குவின் திருவோட்டில் இடுவது போலத்தானாம், பாவத்தைவிடப் புண்ணியம் அதிகமாம். கொல்லாமையை முதல் சீலமாக வைத்திருக்கும் மதத்தின் துறவி சொன்ன சொல் இது.

1976 செப்டம்பரில் தானோம் காவி உடுத்தித் திரும்பி வந்தார். அதை எதிர்த்து நக்கோன் பாத்தோமில் சுவரொட்டி ஒட்டிய மின்வாரியத் தொழிலாளர்கள் இருவரை அடித்துக் கொன்று ஓர் இரும்புக் கதவில் தொங்கவிட்டார்கள். அந்தக் கொலையைக் கண்டித்து அக்டோபர் 4 அன்று தம்மசாத் மாணவர்கள் வளாகத்திலேயே ஒரு சிறு நாடகம் போட்டார்கள். தூக்கில் தொங்குவதுபோல் நடித்த மாணவரின் புகைப்படத்தை அக்டோபர் 5 அன்று தாவ் சயாம் என்ற பத்திரிகை வெளியிட்டது. பட்டத்து இளவரசரின் உருவத்தைத் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். ராணுவ வானொலி அதை ஊதிப் பெருக்கியது. தொழிலாளர்களைக் கொன்றது யார் என்ற கேள்வி அன்று மாலையோடு காணாமல் போய்விட்டது.

மறுநாள் விடியும்போதே வளாகத்துக்குள் குண்டுகள் விழுந்தன. மாணவர்கள் சரணடைகிறோம் என்று கெஞ்சியும் துப்பாக்கிச் சூடு நிற்கவில்லை. சிலர் சாவ் பிரயா ஆற்றில் குதித்தார்கள். பிடிபட்டவர்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கால்பந்து மைதானத்தில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 46 பேர். நூறைத் தாண்டும் என்கிறார்கள் உயிர் பிழைத்தவர்கள். கைதானவர்கள் 3,000-க்கும் மேல். அன்று மாலையே ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது.

அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் நீல் உலெவிச் எடுத்த படத்துக்கு 1977-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மரத்தில் தொங்கும் உடல். அதை அடிக்க மடக்கு நாற்காலியை ஓங்கி நிற்கும் ஓர் ஆள். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் வாயெல்லாம் சிரிப்பாக ஒரு சிறுவன். நாற்காலிக்காரனைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அடிக்கிறவன் வெறி பிடித்தவன் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். அந்தப் பையனை யார் அப்படி ஆக்கினார்கள்? நாள் முழுக்க ஓடிய வானொலிக்கும் அந்தப் பிக்குவுக்கும் அதில் பங்கில்லையா?

அப்புறம் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கொன்றவர்கள் மேல் வழக்கே இல்லை. மாணவர் தலைவர்கள் உட்பட 18 பேரைத்தான் தேசத் துரோகம், கம்யூனிசம், அரச அவமதிப்பு என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். விசாரணை நீள நீள, அன்று காலை யார் சுட்டார்கள், யார் உத்தரவு போட்டார்கள் என்ற கேள்விகள் அரசுத் தரப்பைத் திருப்பிக் கடிக்க ஆரம்பித்தன. 1978 செப்டம்பரில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. உலகமே அதை மாணவர்களுக்குக் காட்டிய கருணை என்று பார்த்தது. ஆனால் அந்த நாட்களில் தம்மசாத்தில் நடந்தவற்றில் தொடர்புடைய எல்லோரையும் அது மன்னித்தது. தூக்கில் போட்டவனும் அதில் அடக்கம், சுட்ட போலீஸும் அடக்கம். குற்றமே செய்யாதவனை முன்னால் நிறுத்தி மன்னித்து, அவன் முதுகுக்குப் பின்னால் கொலைகாரர்களைத் தப்ப வைத்தார்கள். கொலைக்குச் சற்றும் குறையாத அநியாயம் இது என்பேன்.

பல்கலைக்கழகத் தலைவராக இருந்த புவே உங்பாகோனின் கதியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியருக்கு எதிராகப் பாராசூட்டில் சொந்த நாட்டில் குதித்தவர். மத்திய வங்கியின் கவர்னராக நேர்மைக்குப் பெயர் எடுத்தவர், மகசேசே விருது பெற்றவர். அவரையும் கம்யூனிஸ்ட் என்றார்கள். பதவியை விட்டுவிட்டு அதே நாளில் நாட்டை விட்டுப் போனார். அடுத்த வருடமே பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. 1999-ல் லண்டனில்தான் இறந்தார்.

கம்யூனிசத்தைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்றார்கள் அல்லவா? உயிருக்குப் பயந்த மாணவர்கள் ஆயிரக்கணக்கில் காட்டுக்குப் போய் தாய்லாந்து கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்தார்கள். அந்தக் கட்சிக்கு அவ்வளவு படித்த இளைஞர்களைச் சேர்த்துக் கொடுத்தது அரசாங்கம்தான். 1980-ல் ஆயுதத்தைக் கீழே வைத்தால் தண்டனை இல்லை என்று அரசே அறிவித்த பிறகுதான் அவர்கள் மெல்லத் திரும்பினார்கள்.

"ஐம்பது வருடக் கதை, இப்போது எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. அன்று மாணவர் தலைவராக இருந்து சிறைக்குப் போன தோங்சாய் வினிச்சகூன் பின்னாளில் வரலாற்றாசிரியராகி, இன்றும் இதைப் பற்றி எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறார். அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபது. சாட்சிகள் இருக்கிறார்கள், செய்தவர்களிலும் பலர் உயிரோடு இருக்கலாம். 1978 சட்டத்தை நீக்கி வழக்கை எடுக்க வேண்டுமானால் அது இப்போதுதான் முடியும். இன்னும் பத்து வருடம் போனால் கூண்டில் நிறுத்தவும் ஆள் இருக்காது, சாட்சி சொல்லவும் ஆள் இருக்காது.