பெட்டியை ஏழு நாள் முன்னாலயே மூடுலே

ஜெர்மனிக்குப் படிக்கப் போற நம்ம ஊருப் பையன் ஒருத்தன் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல எடுத்துப் போட்ட அந்த போட்டோவை எல்லாரும் பார்த்தாச்சு. இங்க மறுபடி போட மாட்டேன். கவுண்டர் முன்னால தரையில விரிஞ்சு கெடக்குத பெட்டி, சுத்தி பொடிப் பொட்டலம், ரெண்டு மூடி கொப்பரை, ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. மேல "அம்மாவைப் பெட்டி கட்ட விட்டா இதான் கதி"ன்னு ஒரு வரி, நாலு சிரிப்பு பொம்மை. கீழ நம்ம நெல்லைக்காரங்களே இருநூறு பேரு போய் சிரிச்சு வச்சிருக்கீங்க. நல்லா இருங்க.

அதுக்கு முந்தின பத்து நாள் ஸ்டேட்டஸும் பார்த்தோம்லா? குற்றாலம். பாளையங்கோட்டையில பிரியாணி. மறுநாளும் குற்றாலம், ஆனா வேற செட்டு பசங்க. "ஜெர்மனி காலிங்"னு கேக் வெட்டு. ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வந்து தலையைச் சாய்ச்சா, விடிஞ்சதும் அடுத்த செட்டு. கடைசி ராத்திரி பெட்டியைத் தூக்கி அம்மா முன்னால வச்சு, "எல்லாத்தையும் வச்சுருங்கம்மா"ன்னு சொல்லிட்டு சார்ஜர் தேடப் போயிட்டான். எத்தனை கிலோ, எது ஆகும், எது ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்தம்மா பாவம், தனக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டிக் குடுத்தா. இதுல சிரிக்க என்ன இருக்கு?

நான் சொல்லுதது ஒண்ணுதான். பெட்டியைக் கிளம்புறதுக்கு ஏழு நாள் முன்னாலயே எடை போட்டு மூடிரு. அந்த ஏழு நாள் வீட்டுக்கு. பெட்டியைத் தொடக்கூடாது.

எப்படி முடியும்னு கேப்பீங்க. முடியும். முதல்ல டிக்கெட்டை ஒழுங்கா படி. 23 கிலோ வச்சு ரெண்டு பெட்டியா, மொத்தமா 30 கிலோவான்னு அதுலயே போட்டிருக்கும். எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது, தூக்குறவங்க முதுகுக்காக வச்ச வரம்பு அது. 23ன்னா வீட்டுல 22லயே நிறுத்திரு, உங்க வீட்டுத் தராசும் ஏர்போர்ட் தராசும் அரை கிலோ முன்னப்பின்ன காட்டும். தொங்கவிட்டு எடை பாக்குற சின்னத் தராசு இல்லைன்னா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு எடை மெஷின்ல ஏறி நில்லு, அப்புறம் பெட்டி இல்லாம ஏறி நில்லு, கழிச்சுக்கோ. அஞ்சு நிமிஷ வேலை. பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான். 20,000 எம்.ஏ.எச்.னா 74 வாட்-அவர்தான் வரும், 100க்குள்ள இருக்குறதால பிரச்சினை இல்ல. ஆனா பெரிய பெட்டிக்குள்ள மறந்து போட்டா, ஸ்கேன்ல மாட்டி ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுவாங்க. சான்றிதழ் ஒரிஜினலும் கைப்பையில. பெட்டி வேற ஊருக்குப் போயிட்டாலும் நீ யாருன்னு காட்டணும்லா.

அந்தக் கொப்பரை. அதுல எண்ணெய் அதிகம், தானா சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்னு விமான விதியில வகைப்படுத்தி வச்சிருக்கு. அதனாலதான் வெளிய எடுத்துப் போட்டாங்க. இது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? விசா ஃபாரத்துல 40 பக்கம் படிச்ச பையன் இந்த ஒரு பக்கத்தைப் படிக்கல. நெய்யும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேணும், அதை வாங்கிட்டுப் போற ஆளை நான் பார்த்ததில்ல. காய வச்சுப் பொடியில சேத்துட்டா சோலி முடிஞ்சுது.

இட்லிப் பொடி கிளம்புறதுக்குப் பத்து நாள் முன்னால இடிக்கலாம். உளுந்தையும் வத்தலையும் வறுத்த சூட்டோட திரிச்சு அப்படியே கவர்ல அடைச்சா, உள்ள வேர்த்து மூணு வாரத்துல பூஞ்சை பூத்துரும். ஒரு பேப்பர்ல பரப்பி முழுசா ஆறணும். உப்பையும் சட்டியில ஒரு புரட்டு புரட்டணும், ஈரம் அதுலதான் ஒளிஞ்சிருக்கும். பூண்டு வேண்டாம். 250 கிராம் பாக்கெட்டா போடுங்க, காத்தை அமுக்கி வெளியேத்தி, அதுக்கு மேல இன்னொரு கவர், வாய்க்கு டேப். வாரத்துக்கு மூணு தோசை நாள்னா ஒரு பாக்கெட் ஒரு மாசம் தாராளமா வரும். எவர்சில்வர் டப்பா வேண்டாம், டப்பா எடையே அரை கிலோவைத் தின்னுரும். அரிசி, பருப்பு, உளுந்து எதுவும் தேவையில்ல. ஜெர்மனியில பெரிய ஊருலெல்லாம் ஈழத்தமிழர் கடை இருக்கு. மிதுக்கு வத்தலும் சுண்ட வத்தலும் வைங்க, எடையே இல்ல. அல்வாவைக் கடைசியா வாங்கி, நெய் கசியாம டப்பாவுல அடைச்சு, போற வழியிலயே தின்னு தீர்த்துரு. கொண்டுபோய் பிரிட்ஜுல வச்சு அழகு பாக்க அது அல்வா இல்ல.

குக்கர் கொண்டுபோறதா இருந்தா அலுமினியம் வேண்டாம், அங்க பல வீட்டுல இண்டக்‌ஷன்தான். அடி இண்டக்‌ஷனுக்கு ஆகுற ஸ்டீல் குக்கர், 3 லிட்டர், கூட ரெண்டு கேஸ்கட், ஒரு சேஃப்டி வால்வு. கேஸ்கட் போனா அந்த அளவு அங்க கிடைக்காது. கரண்ட் ரெண்டு ஊருலயும் 230 வோல்ட்தான், நம்ம மூணு முள் பிளக்கு மட்டும் ஓட்டையில நுழையாது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா கட்டியாயிரும். அகல வாய் டப்பாவுல ஊத்திக் குடுங்க, ஒடுக்க வாய் பாட்டில்னா பையன் கத்தியை விட்டு நோண்டிக்கிட்டு இருப்பான்.

கனத்த குளிர் உடுப்பை இங்க வாங்காதீங்க, திரும்பத் திரும்பச் சொல்லுதேன். நம்ம ஊரு கடையில இருக்குறது கொடைக்கானலுக்குப் போட்டுக்கிட்டுப் போற ஜாக்கெட். மழையும் காத்தும் சேர்ந்து அடிச்சா நனைஞ்சு தொங்கும். தெர்மல் உள்ளுடுப்பு ரெண்டு செட், ஒரு ஃபிளீஸ் மேல்சட்டை, உல்லன் தொப்பி, கையுறை, இங்க இருந்து இவ்வளவு போதும். ஏர்போர்ட்டுல இருந்து ரூமுக்குப் போற வரைக்கும் தாங்குற ஒரு ஜாக்கெட்டை உடம்புல போட்டுக்கோ. மத்ததும் பூட்ஸும் அங்க. பருத்தி பனியன் வேர்வையைக் குடிச்சுட்டு விடாது, அதைப் போட்டுக்கிட்டு நடந்து நின்னா நடுங்கும். இதுக்காக மூணு நாள் கடை கடையா அலைஞ்சு, மூணு நாளும் அம்மா சோறு ஆறிக் கெடந்துச்சுன்னா அது எந்தக் கணக்கு?

"விசாவே பன்னெண்டு நாள் முன்னாலதான் வந்துச்சு, உங்களுக்கு என்ன தெரியும்"னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. நியாயம்தான். விசா லேட்டாகும், குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 அன்னைக்கே கணக்குல ஆரம்பிச்சுரும், பசங்க நவம்பர்லயும் ஓடுறாங்க. ஆனா டாக்டர்கிட்ட பல்லைக் காட்டுறதுக்கு விசா வேணுமா? வேர் சிகிச்சைன்னா மூணு தடவை வரச் சொல்லுவாங்க, அங்க போய் வலிச்சா தெரியும். கண்ணாடி ரெண்டு ஜோடி, மருந்துக்கு ஜெனரிக் பேரு (கம்பெனி வச்ச பேரு இல்ல, மருந்தோட பேரு) போட்ட சீட்டு, இதெல்லாம் விசாவுக்குக் காத்திருக்கையிலேயே முடியும். காத்திருக்குற மாசம் பூரா செல்போனைப் பாத்துட்டு, வந்தப்புறம் "நேரமே இல்ல"ன்னா நான் என்ன சொல்ல.

"நண்பர்களும் குடும்பம்தானே"ன்னு ஒரு அம்மணி. ஆமாம்மா. குடும்பம்தான். போய்ப் பாரு.

நான் பெட்டியைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கேன். எரிச்சல் பெட்டி மேல இல்ல. எங்க தெருவுல ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். மகன் போய் மூணாம் வாரம், காலையில 9 மணிக்கு சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறாரு, "சார், டெலிவரி கோடு சொல்லுங்க". சிலிண்டரை வாங்கச் சொல்ல வேண்டிய அந்த நாலு இலக்க நம்பர் மகன் செல்லுக்குப் போயிருக்கு. அங்க விடியக்காலம் 4:30. இவரு கூப்பிடுறாரு, அவன் எடுக்கல. சிலிண்டர் திரும்பிப் போச்சு. வாத்தியார் அதுக்கப்புறம் ரெண்டு நாள் இண்டக்‌ஷன் அடுப்புல ரசம் வச்சாரு. பேங்க் ஓடிபியும் அதே நம்பர்தான். நல்ல மகன்தான் அவன். அப்பாவுக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான் எல்லாத்துக்கும் தன் நம்பரைக் குடுத்தான். கிளம்பும்போது அந்த நம்பரும் கூடவே கிளம்பிருச்சு.

அந்த ஏழு நாள்ல ஒரு நாள் கேஸ் ஏஜென்சி, ஒரு நாள் பேங்க், அரை நாள் ஆதார் மையம், எல்லா இடத்துலயும் அப்பா நம்பரை மாத்தணும். அப்பாவோடயே போ, ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து போ. அவரு மாத்திரைச் சீட்டு, இன்சூரன்ஸ் அட்டை, ராத்திரி கூப்பிட்டா வர்ற ஆட்டோக்காரர் நம்பர், எல்லாம் பெரிய எழுத்துல ஒரே தாளுல எழுதி பீரோ கதவு உள்பக்கம் ஒட்டு. வீடியோ காலை நீயே போட்டுக் காட்டாதே, அவரை அஞ்சு தடவை போடச் சொல்லு. பேசுற நேரத்தைப் போறதுக்கு முன்னாலயே பேசி வை. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கப்புறம் நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேரம். இவங்க தூங்கப் போற 9 மணி உனக்கு சாயங்காலம் 4:30, நீ கிளாஸ்ல இருப்ப. உன் காலை 6:30, இங்க 11 மணி, அம்மா அடுப்புல உலை வச்சுட்டு உக்காருற நேரம். அதை வச்சுக்கோ. டிசம்பர்ல பெர்லின்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலயே பொழுது அடைஞ்சுரும். அப்போ யாரு குரல் வேணும்னு உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

நவம்பர், டிசம்பர்ல கிளம்புறவங்க மழையையும் கணக்குல வைங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட நூத்துக்கணக்கான பேரு சிக்கிக் கெடந்தாங்களே, மறந்துருச்சா? ஒரு நாள் முன்னாலயே திருவனந்தபுரமோ சென்னையோ போய்த் தங்குங்க. பெத்தவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அந்த ஒரு ராத்திரி லாட்ஜ் ரூம்ல பேச நேரம் கிடைக்கும், அங்க கேக் வெட்ட யாரும் வர மாட்டாங்க.

"ஒரு போட்டோவுக்கு இவ்வளவு நீட்டமா?"ன்னு கேக்கப் போறீங்க. கேளுங்க. அந்தப் பையன் போட்டதுல மூணாவது போட்டோவை யாருமே பாக்கல. கண்ணாடிக்கு வெளிய, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்தம்மா நிக்குதா. உள்ள விட மாட்டாங்க, அதனால எடை கூடுன பொட்டலத்தையெல்லாம் பையன் வாசல்ல கொண்டாந்து அவ கையிலயே குடுத்திருக்கான். மஞ்சப்பை பிதுங்கி நிக்குது, தூக்குவாளியோட மூடி வெளிய தெரியுது. திருவனந்தபுரத்துல இருந்து நம்ம ஊருக்கு நாகர்கோவில் வழியா பஸ்ஸுல நாலு மணி நேரம். அவ்வளவு தூரமும் அதை மடியில வச்சுக்கிட்டுத்தான் வந்திருப்பா.