ரீச்சர், ஒரு கையெழுத்துத்தான்

போன கிழமை என்னிடம் ஏ.எல். படித்த பொடியன் ஒருவன் கொக்குவில் வீட்டுக்கு வந்தான். இப்போது காப்புறுதி முகவர். பிளேன்ரீ குடித்து முடிக்க முன்னரே பையைத் திறந்துவிட்டான். பென்சன் எடுத்தவர்களுக்கு என்றே ஒரு புற்றுநோய்க் காப்புறுதியாம். எனக்கு வயது 64. வருடம் 62,000 ரூபா கட்டினால், கான்சர் என்று வரும் பட்சத்தில் 10 லட்சம் ஒரே தடவையில் கைக்கு வரும். 70 வயதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"ரீச்சர், ஒரு கையெழுத்துத்தான். மிச்சத்தை நான் பாக்கிறன்."

நியூ ஜேர்சியில் இருக்கிற மகளுக்கு இதில் சரியான விருப்பம். அவளுடைய மாமியார் அங்கே இருபது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கான்சர் பொலிசி ஒன்று வைத்திருக்கிறார். "காசை நான் கட்டுறன் அம்மா, நீங்கள் சைன் மட்டும் வையுங்கோ" என்கிறாள். எல்லாருக்கும் என் கையெழுத்து ஒன்றுதான் தேவை.

சம்பந்தி அம்மாவின் கணக்கு வேறு. அமெரிக்காவில் 65 வயதுக்குப் பிறகு மெடிக்கெயார் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி வருகிறது. வெளிநோயாளராகக் கீமோ ஏற்றினால் அது 80 சதவீதத்தைக் கொடுக்கும், மிச்சம் 20 சதவீதம் நம் தலையில். அங்குள்ள பில்லுக்கு 20 சதவீதம் என்பதே ஒரு காணி விற்கிற காசு. அந்த 20 சதவீதத்தை அடைக்கத்தான் மெடிகாப் என்று ஒரு துணைக் காப்புறுதி இருக்கிறது. குளிசைகளுக்கான மெடிக்கெயார் திட்டத்திலும் கைக்காசு 2025இல் வருடத்துக்கு 2,000 டொலருக்கு மேல் போகாது என்று வரம்பு வைத்துவிட்டார்கள். மெடிகாப் இருக்கிற ஒருவருக்குக் கான்சர் பொலிசி இன்னும் வேண்டுமா என்பது அங்கேயே கேள்விதான். அதைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் நட்டால் முளைக்குமா?

இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் கீமோவுக்குப் பில் இல்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எப்படி வந்தது என்று பலர் மறந்துவிட்டார்கள். 2011இல் தென்கோடித் தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை ஒரு கூட்டம் நடந்தே வந்து, அதற்கெனச் சேர்த்த காசில் எழுந்த கட்டடம் அது. காசில்லை என்று அங்கே எவரையும் திருப்பி அனுப்புவதில்லை.

அப்படியென்றால் செலவே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. என் அக்காவுக்கு 2019இல் வாயில் புற்றுநோய். வெற்றிலையோடு நம்மூர்ப் புகையிலையை ஐம்பது வருடம் அதக்கிய வாய். பல்லுக்குக் கிட்ட ஆறாத புண் ஒன்று. நாலு மாதம் உப்புத்தண்ணீர் கொப்பளித்தே காலம் போய்விட்டது. பிறகு தெல்லிப்பழை, அங்கிருந்து கொழும்புக்குக் கிட்ட மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. எட்டு மாதமும் செலவுக் கணக்கை நான் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிவைத்தேன். வாத்தியார் புத்தி.

இந்தப் பொடியன் போன பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். மருந்து என்று எழுதியது ஒரு பக்கம்கூட வரவில்லை. கொழும்புக்கு இரவு பஸ், இரண்டு பேருக்கு. மகரகமையில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை, நாள் வாடகை 1,500. ஓட்டோ. ஸ்கானுக்கு முறை வர நாளாகும் என்றதால் வெளியே எடுத்த ஸ்கான். வாயால் சாப்பிட முடியாததால் மா வகைகள், ஒவ்வொரு ரின்னும் ஒரு விலை. ஓட்டோ, ஓட்டோ, ஓட்டோ. வீட்டுக்கு வந்த பிறகு இரவில் பார்க்க வைத்த பெண்ணுக்குச் சம்பளம். கூடவே திரிந்த தம்பியின் மகன் அந்த எட்டு மாதத்தில் இழந்த வேலைநாட்களைக் கொப்பியில் எழுதவில்லை. அதற்கு எங்கே பத்தி போடுவது?

ஆகவே கையில் மொத்தமாக ஒரு தொகை வருவது வீணான யோசனை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டவல்ல, ஓட்டோவுக்கும் அறைக்கும் அந்தப் பெண்ணுக்கும்தான் காசு தேவை. அதை இந்த வயதில், இந்த விலைக்கு, இந்தப் பத்திரம் தருமா என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். முதல் 90 நாட்களுக்குள் நோயைக் கண்டுபிடித்தால் ஒரு சதமும் இல்லை. பரவாத ஆரம்பக் கட்டம் என்றால் கால்வாசி, அதாவது இரண்டரை லட்சம். மெலனோமா என்ற கடுமையான வகை அல்லாத தோல் புற்றுநோய் சேர்த்தி இல்லை. ஏற்கனவே இருந்த நோய் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை.

ஆறு வருடம் கட்டினால் 3 லட்சத்து 72 ஆயிரம். ஒன்றும் வராவிட்டால், கடவுள் புண்ணியத்தில், அது போனதுதான். இதையே நிலையான வைப்பில் போட்டால் வட்டியோடு என்னிடம் நிற்கும். கான்சருக்கு மட்டுமல்ல, இடுப்பு முறிந்தாலும் கண்ணுக்கு லென்ஸ் வைத்தாலும் எடுக்கலாம். பொடியன் அன்றைக்கு விடவில்லை. "முதல் வருஷமே வந்திட்டால், ரீச்சர்? வைப்பில அறுபத்திரெண்டாயிரம்தானே இருக்கும்." நியாயமான பேச்சு. படிக்கிற காலத்தில் இந்தக் கெட்டித்தனத்தைக் காணவில்லை. கையில் சேமிப்பே இல்லாதவருக்கு அவன் சொல்வது சரி. ஆனால் சேமிப்பில்லாத பென்சனியர் வருடம் 62,000க்கு எங்கே போவார்?

இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது நினைவிருக்கும். ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, வெளியே வாங்கிவரச் சொல்லித் துண்டு கொடுத்த காலம் அது. அதற்கு முன் 5 லட்சத்துக்குப் பொலிசி எடுத்தவரின் பத்திரத்தில் அதே 5 லட்சம்தான், விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வைப்புக்கும் அந்த அடி விழுந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வட்டியாவது ஏறியது.

இதெல்லாம் கூட்டல் கழித்தல். என்னை உண்மையில் நிறுத்தியது வேறு. விண்ணப்பத்தில் நீரிழிவு உண்டா என்று ஒரு கட்டம். எனக்கு 2011இலிருந்து சுகர். குடும்பத்தில் புற்றுநோய் உண்டா என்று அடுத்தது. அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "இரண்டுக்கும் இல்லை எண்டு போடுங்கோ ரீச்சர். உண்டு எண்டால் மேல இழுத்தடிப்பினம்."

இத்தனை வருடத்துக் கிளினிக் கொப்பிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. காசு கேட்டுப் போகிற நாளில் காப்புறுதிக் கம்பனிக்காரர் முதலில் கேட்கப் போவது அதைத்தான். உண்மையை மறைத்த பத்திரத்தைத் தள்ளிவிட அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. அப்போது கையெழுத்து வைத்தது நான், அவனல்ல. சோதனையில் கொப்பி அடித்ததற்கு இவனை ஒருநாள் வெளியே நிற்பாட்டினேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நீ எடுத்தனியோ?" என்று கேட்டேன். அவனுக்கு 34 வயது, சுகர் பிரஷர் ஒன்றும் இல்லை, இரண்டு பிள்ளைகள். கட்டணம் குறைவாக வரும் வயது, வீடு அவனை நம்பி நிற்கிற காலம். இல்லையாம். சிரித்தான். என்னைக் கேட்டால் இந்தப் பத்திரம் அவனுக்குப் பொருத்தம், எனக்கில்லை. நாற்பதுகளில் இருக்கிற, அரச வேலை இல்லாத, வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத ஆட்கள் கட்டாயம் விசாரித்துப் பாருங்கள். சுகரை எழுதி விசாரியுங்கள். அப்புறம், வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால் எந்தப் பத்திரத்துக்கும் காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

நான் மகளிடம் அந்த 62,000ஐ அனுப்பச் சொன்னேன். வங்கியில் தம்பியின் மகனோடு சேர்ந்து ஒரு கணக்குத் திறந்தாயிற்று. எனக்கு ஏதும் வந்தால் இரவு பஸ்ஸில் பக்கத்தில் இருக்கப்போவது அவன்தானே. ஏ.ரி.எம். அட்டையும் அவனிடம்தான். மகள் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை.